குழாய்க்காரர் சுத்தம் செய்த தொட்டி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மீன்காரி என்று பெயர். அவள் மீன் விற்றதும் இல்லை, சமைத்ததும் இல்லை. ஏழு வருஷமாக வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் குராமி மீன் வளர்க்கிறாள். வாயைத் திறந்தால் அந்தப் பேச்சுதான். "உன் மாப்பிள்ளை எப்படி இருக்கான்?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டால், ஆண் குராமியைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். கட்டினவரை யாரும் கேட்பதில்லை.

அன்று படுக்கை விரிப்புகளை மடிக்கையில் கை இங்கேயும் மனசு வீட்டிலுமாக இருந்தாள். முந்தின நாள் மாலைதான் பெண் மீன் முட்டையிட்டிருந்தது. தண்ணீரின் மேல் ஆண் மீன் ஊதி ஊதிச் சேர்த்த நுரைதான் கூடு. கடுகைவிடச் சின்ன முட்டைகள் அதற்குள் இருந்தன. தண்ணீர் அசைந்தால் கூடு கலைந்துவிடும் என்று வடிகட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு வந்திருந்தாள். ஏற்கெனவே மூன்று தடவை முட்டை பாழாகிவிட்டது. இந்தத் தடவை குஞ்சைப் பார்த்தே தீருவது என்றிருந்தாள். இன்று ராத்திரிக்குள் முட்டை பொரிந்துவிடும்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மோட்டார் சத்தம் கேட்டது.

கணவர் குழாய் வேலை செய்பவர். இருபது வருஷமாக அவருக்கு நுரை நின்றால் அடைப்பு, தண்ணீர் ஓடாவிட்டால் பழுது. அன்று வேலை சீக்கிரம் முடிந்து வந்தவர் தொட்டியைப் பார்த்திருக்கிறார். டீ வடிகட்டியால் நுரையை அள்ளி, பாத்திரம் கழுவும் இடத்தில் கொட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார். மோட்டாரைக் கழற்றித் துடைத்து ஓடவும் விட்டிருக்கிறார். முகத்தில் பெருமை வழிந்தது.

"மோட்டார் நின்னு போச்சு. நல்ல வேளை, நான் பாத்தேன்."

அவள் மோட்டாரை அணைத்தாள். சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள். எல்லாம் பளிச்சென்று இருந்தது. தொட்டியில் ஆண் மீன், கூடு இருந்த மூலையிலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"அது கூடுங்க. உள்ள முட்டை இருந்துச்சு."

"நுரைன்னுல்ல நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

நேற்றுச் சாப்பிடும்போது சொன்னாள். முன்பு மூன்று தடவை அழிந்தபோதும் அழுதுகொண்டே சொன்னாள். நான்கு தடவையும் அவர் டிவியைப் பார்த்தபடி ம் கொட்டினார். டிவிக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. மீன் முட்டைக்குப் போய் இவ்வளவு கோபமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஆமாம் என்றுதான் தோன்றியது.

டிவியை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டாள்.

"உக்காருங்க. பாருங்க."

"எதை?"

"வீட்ல என்ன இருக்குன்னு."

சிரிக்கலாமா என்று யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவள் தோள்பையைக்கூட இறக்கவில்லை, பின்னாலேயே நின்றாள். முதலில் நெளிந்தார், பிறகு முழங்காலைச் சொறிந்தார். கால் மணி நேரம் போனபின் குனிந்து, கண்ணாடிக்கு முகத்தைக் கொண்டுபோனார்.

"இது என்ன, அடிக்கடி மேல வந்து காத்தை முழுங்குது? தண்ணிக்குள்ள மூச்சு விடாதா?"

நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். தொட்டி வந்த முதல் வாரத்தில் இதைக் கேட்டிருந்தால், விடிய விடிய உட்கார்ந்து சொல்லியிருப்பாள்.

"ஏழு வருஷமா அப்படித்தான் வருது," என்றாள்.

அவர் மெல்ல எழுந்திருக்கப் பார்த்தார்.

"நான் எந்திரிக்கச் சொல்லல."