அப்பா ஓங்கிய சாட்டை

மணிலாவிலிருந்து வழிகாட்டியோடு ஒருநாள் பயணமாகப் புனித வெள்ளிச் சடங்குகளைப் பார்க்கப் போயிருந்தோம். சிலுவை சுமந்து வந்தவருக்குப் பின்னால் சாட்டைச் சத்தம் கேட்டதும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

சின்ன வயதில் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். மாதா கோயில் மைதானத்தில் திருப்பாடுகள் நாடகம். பெரியப்பாதான் இயேசு. அப்பா சாட்டை பிடித்த சேவகன். அத்தை கல்யாணத்தில் மூண்ட சண்டைக்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சே கிடையாது. பங்குச் சாமியார் தெரிந்தேதான் வேஷம் கொடுத்தாரோ என்னவோ.

“நெஜமாவே அடிச்சிருவாரோ?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். புழுதியும் மெழுகுவர்த்திப் புகையும் மூக்கை அடைத்தன. சணல் சாட்டைதான், ஆனால் அப்பாவின் கண் சிவந்திருந்தது.

ஓங்கிய சாட்டை பெரியப்பா மேல் படாமல் மண்ணில் விழுந்தது. அதே நொடியில் பெரியப்பா சிலுவையோடு சரிந்தார். நடிப்பென்று நினைத்துக் கூட்டம் அழுதது. அவர் எழவில்லை.

“அண்ணே! எந்திரிண்ணே!” அப்பாவின் அலறல் மைக்கில் கேட்டது. ஜிகினா ஒட்டிய தொப்பியை வீசிவிட்டு, அண்ணன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“தண்ணி குடுடா,” என்றார் பெரியப்பா, கண்ணைத் திறக்காமலே. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை.

இங்கேயும் சிலுவை சுமந்தவர் தடுக்கி விழுந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வழிகாட்டி கூப்பிட்டார். அந்த மனிதர் எழுந்து நிற்கும்வரை நான் நகரவில்லை.