கையை முகர்ந்து பார்க்கும் ஆயா

திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற குடும்பம் எங்களுடையது. சுவாமிக்குச் சார்த்திய சந்தனத்தைக் கரைத்துக் குடித்தால் எந்த நோயும் போய்விடும் என்று நம்பி வளர்ந்தவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில், ஏழாம் மாதத்திலேயே மகள் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள்.

அந்த வார்டுக்கு ஓர் ஆயா. குள்ள உருவம், சோப்பில் வெளுத்துப்போன முரட்டுக் கைகள். உள்ளே நுழைகிறவர்கள் கழுவினார்களா என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து இழுத்து முகர்ந்து பார்ப்பார்.

நான்காம் நாள் கழுவிய கையைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். இடுப்பில் மறைத்திருந்த சந்தனத்தை விரலில் தொட்டு, பெட்டிக்குள் கையை விட்டேன். வாசனை பிடித்து ஓடிவந்த ஆயா என் கையை முறுக்கினார். நான் தள்ளியதில் சுவரில் போய் மோதினார். எழுந்து வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார். உதடு கிழிந்தது.

“மூச்சு வுடவே அல்லாடிகினு கீது. அது வாயில சந்தனம் வைக்கிறியா? கொன்னுடுவேன்!”

“பின்னே நான் என்னதான் செய்யறது?” என்று கத்தினேன்.

“கீழ உன் பொண்டாட்டி நாலு நாளா தனியா அழுதுகினு கீறா. பாலே சொரக்கல. இதுக்கு அதான் மருந்து. போய் அவளாண்ட உக்காருய்யா!”

சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். போய் உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து, மனைவி பீய்ச்சிக் கொடுத்த பாலைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு வார்டு வாசலில் நின்றேன். ஆயா வழக்கம்போல என் கையை இழுத்து முகர்ந்தார். விரலெல்லாம் பால் சிந்தியிருந்தது.

“ஆங், போ” என்றார்.