ஒழுங்கை செய்த குற்றம்

எங்கள் ஊர்ச் சபையில் ஒரு காகிதத்தைக் காணவில்லையென்றால் அதற்குப் பதில் ஒன்றுதான்: கடல் கொண்டு போய்விட்டது. சுனாமியில் இந்தக் கரை எதை இழந்தது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் வகுப்புப் பிள்ளைகளை நானும் பறிகொடுத்தவள். ஆனால் சபைக் கட்டடம் பிரதான வீதிக்கு மேற்கே, வயல் பக்கமாக இருக்கிறது. அந்தப் பக்கம் அன்று தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதைச் சொன்னதும் எழுதுவினைஞர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு வேறு வேலை இல்லை என்ற பார்வை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு பழைய தீர்மானம். கிராம சபைக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வருவது ஒற்றையடிப் பாதை. என் வாப்பா ஒரு பக்கமும் மாமியின் கணவர் மறுபக்கமும் ஆளுக்கொரு துண்டு வளவை விட்டுக்கொடுத்த பிறகுதான் அது மாட்டுவண்டி வரும் ஒழுங்கையானது. இப்போது அந்த மாமியின் மகன், என் மச்சான், தன் மகளுக்குச் சீதன வீடு கட்டும்போது அந்தத் துண்டையும் உள்ளே போட்டு மதில் எழுப்பிவிட்டார். எங்கள் பக்கம் வீடு கொடுக்காமல் பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை. நான் இருக்கும் வீடும் அப்படி வந்ததுதான். ஆகவே அவருடைய அவசரம் எனக்கு விளங்கியது. ஆனால் மதில் எழும்பிய நாளிலிருந்து ஓட்டோ எங்கள் வாசலுக்கு வரவில்லை.

என் கணவருக்குப் பாரிசவாதம். கிளினிக்குக்காகக் கல்முனைக்குப் போகும் நாளெல்லாம் அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து, வீதிவரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். அந்தக் கதிரையின் ஒரு காலைப் பிடிக்க முதலில் ஓடி வருபவர் மதில் கட்டிய மச்சானேதான். இதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. பகையாளியென்றால் மனம் ஆறச் சண்டையாவது பிடிக்கலாம்.

"எழுத்தக் காட்டுங்க மச்சி," என்றார். "எங்கட வாப்பா குடுத்ததெண்டு இரிந்தா நானே ஒடச்சுத் தாறன்."

எழுத்துக்காகத்தான் சபைக்கு நடந்தேன். தவிசாளர்களும் உறுப்பினர்களும் தேர்தலுக்குத் தேர்தல் வந்து போகிறவர்கள். சபைக்கு ஞாபகம் என்று ஒன்று இருந்தால் அது செயலாளரின் கந்தோரில்தான் இருக்க வேண்டும். எந்த வீதி யாருக்கு, அடக்கம் செய்யும் மையவாடியின் எல்லை எது, யார் எதைக் கொடுத்தார், கூட்டத்தில் யார் எதிர்த்தார் எல்லாவற்றையும் அந்தக் காலத்துச் செயலாளர்கள் தங்கள் கையாலேயே எழுதி வைத்தார்கள். இப்போதிருப்பவர் நிரந்தரமில்லாத பதில் செயலாளர். இரண்டு சபைகளுக்கு ஒருவர். நான் போகும் நாளெல்லாம் அவர் மற்றச் சபையில் இருந்தார். எழுதுவினைஞருக்கு நாவிதன்வெளியில் வயல், வேளாண்மை வெட்டு வந்தால் அவரும் இல்லை. ஞாபகமறதி மனிதருக்கு வந்தால் மருந்து கொடுக்கலாம். சபைக்கு வந்தால் யாரிடம் காட்டுவது?

ஒருநாள் கணினியின் முகத்தை என் பக்கம் திருப்பச் சொன்னேன். பழைய கோவைகளின் தலைப்புகளை அதில் ஏற்றியிருந்தார்கள். வீதி இருந்தது, மதகு இருந்தது, சந்தை இருந்தது. ஒழுங்கை ஒன்றுகூட இல்லை. இந்த ஊரில் ஒழுங்கையே இல்லையா என்று கேட்டுக்கொண்டே கீழே போனால், 'தைக்கா ஒழுங்கு', 'பழைய சந்தை ஒழுங்கு' என்று வரிசையாகக் கிடந்தன. பதிந்தவர் எந்த ஊராரோ, சந்துக்கு எங்கள் பக்கம் சொல்லும் ஒழுங்கை என்ற சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை போலும். எழுத்துப்பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் திருத்திவிட்டார். பிழை திருத்தியே காலம் கழித்த எனக்கு, ஒருவர் திருத்தியதால் வந்த வினை அது.

அதோடு நிற்கவில்லை. ஒழுங்கு என்று கண்ட இன்னொருவர், அத்தனை கோவைகளையும் ஊழியர்களின் ஒழுக்காற்று விசாரணைக் கோவைகளோடு சேர்த்து அலுமாரியில் பூட்டிவிட்டார். அவை இரகசியம். செயலாளரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது.

"அது ஒழுங்கை, தம்பி," என்றேன். "எங்கட ஒழுங்கை என்ன களவெடுத்ததா, விசாரணை வைக்க?"

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, செயலாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பிறகு போகும் நேரமெல்லாம் அது மேசையில் இருப்பதாகச் சொன்னார்கள். எந்தச் சபையின் மேசை என்று மட்டும் சொல்லவில்லை.

மாரி தொடங்கியது. முழங்கால் தண்ணீரில் கதிரையைத் தூக்கினோம். அந்த மாரி முடியுமுன்னே என் கணவர் மௌத்தானார்.

ஜனாஸா எடுக்கும்போது உடலை வைத்த சந்தூக்கு மதில் முனையில் திரும்பவில்லை. நாலு பேர் தோளில் சுமந்து வருவது, கதிரையைப் போலச் சரித்துக் கொண்டுபோக முடியாது. மச்சான் யாரிடமும் எழுத்துக் கேட்கவில்லை. அலவாங்கை எடுத்து மதிலை உடைத்தார். பெண்களோடு உள்ளே இருந்த எனக்குக் கல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அழுதுகொண்டே உடைத்தாராம். அதைக் கேட்டும் என் கோபம் இறங்கவில்லை. மையத்தான உடலுக்கு விட்ட வழியை மூச்சிருந்த மனிதனுக்கு விட்டிருக்கலாம்.

கணவனை இழந்தவள் வெளியே இறங்காமல் இத்தா இருக்கும் அந்த மாதங்களில், ஒரு காலை சபையிலிருந்து போன் கோல் வந்தது. அதே எழுதுவினைஞர். குரலில் அப்படியொரு சந்தோசம். அலுமாரியைத் திறந்தார்களாம். தீர்மானம் இருக்கிறதாம், வாப்பாவின் கையெழுத்தும் மாமாவின் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவாம். பிரதியைத் தர எல்லாம் ஆயத்தம்.

"ஆனா விண்ணப்பிச்ச ஆள் நேர வந்து ஒப்பம் வைக்கோணும் டீச்சர். வேற ஆளிட்டக் குடுக்க ஏலா."

"நான் இத்தாவில இரிக்கன் தம்பி," என்றேன். "முடிஞ்ச உடன வாறன். அதுவரைக்கும் கடல் வராமப் பாத்துக்கங்க."