பச்சைன்னா போலாம்

இரண்டு வருஷத்துக்கு முன், தீபாவளி முடிந்த வாரம். தாம்பரம் மேற்கில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் அன்றைக்கு என் வகுப்பறை. வெளியே விடாத மழை. உள்ளே இலை போடும் நீள மேஜைகளில் இருபத்திரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

நான் விலங்கியல் முடித்துவிட்டு, பூச்சிமருந்து அடிப்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஹோட்டல், குடோன், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று கரப்பானுக்கும் கொசுவுக்கும் மருந்து அடிக்கிறவர்களை அவர்களுடைய கம்பெனிகள் எங்களிடம் அனுப்பும். ஒரு நாள் வகுப்பு, சாயங்காலம் வாய்மொழித் தேர்வு, பாஸானால் சான்றிதழ். அதில் பயிற்றுநர் என்ற இடத்தில் என் கையெழுத்து. இருபத்து மூன்று வயசில் என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு வந்ததே எனக்குப் போதையாக இருந்தது. பழைய நோட்டில் அதை விதவிதமாகப் போட்டுப் பழகியிருக்கிறேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மருந்து டப்பாவின் லேபிளைப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்தெல்லாம் எறும்பு சைஸில் இருக்கும். ஆனால் ஒரு ஓரத்தில், காத்தாடி மாதிரி முனையில் நிற்கும் ஒரு சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம்தான் அந்த விஷம் எவ்வளவு கொடியது என்று சொல்லும். சிவப்பு மிக மோசம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை. பச்சையும் விஷம்தான். மற்றதைவிடக் கொஞ்சம் குறைச்சல், அவ்வளவே.

இதைப் புத்தகத்தில் இருப்பதுபோலச் சொன்னால் கொட்டாவி வருகிறது. மணி ஒன்று. பக்கத்து அறையில் பிரியாணி வந்து இறங்கிவிட்டது. எனக்கோ எதையும் சட்டென்று முடித்துக் கைதட்டு வாங்கிவிட வேண்டும். அந்த நிமிஷத்தில் தோன்றியதைச் சொன்னேன்: “ஒண்ணும் மனப்பாடம் பண்ண வேணாம். பெருங்களத்தூர் சிக்னலை நினைச்சுக்கோங்க. செகப்பு, மஞ்சள், பச்சை. அவ்ளோதான்!”

கூடமே நிமிர்ந்தது. ஒரு அண்ணன் மட்டும் விடவில்லை. “சிக்னல்ல ஏது மிஸ்ஸு நீலம்?”

பள்ளிக்கூட டீச்சரைப் போல எல்லாரும் என்னை மிஸ்ஸு என்றுதான் கூப்பிட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. “நீலம் எரிஞ்சா போலீஸ் ஜீப்புண்ணா, ஓரமா ஒதுங்கி நில்லுங்க” என்றேன். ஒரே சிரிப்பு. அவர் கேட்டது நல்ல கேள்வி. அந்த உதாரணம் ஓட்டை என்பதற்கு அங்கேயே கிடைத்த எச்சரிக்கை. நான் அதை ஜோக்காக்கிவிட்டேன்.

கடைசி மேஜையில் ஒரு அக்கா இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். பெருங்களத்தூர் பக்கம் புதிதாக வந்த அடுக்குமாடி ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை. மருந்து அடித்துக்கொண்டிருந்த ஆள் நின்றுவிட, அந்த வேலையையும் இவர் தலையில் கட்டியிருந்தார்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“அப்போ பச்சன்னா போலாம், அப்டித்தானே மிஸ்ஸு?”

“சூப்பர்க்கா! எல்லாரும் அக்காவுக்கு ஒரு கை தட்டுங்க.”

தட்டினார்கள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சாயங்காலத் தேர்வில் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன், அதே பதில். டிக் போட்டேன். “இஸ்கூல்ல கூட நான் பாஸானதில்ல மிஸ்ஸு” என்று சான்றிதழை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து எங்கள் மேனேஜர் கூப்பிட்டு, அந்த அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார். ரயிலைப் பிடித்துப் போனேன். அக்காவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். பேசுவதற்காக அதை விலக்கி விலக்கி வைத்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை ஏறி இறங்கியது.

நடந்தது இதுதான். அன்றைக்கு ரெண்டு பேருக்கு வேலை. ஒரு பையன் வெளியே தோட்டத்தில், அக்கா அடித்தளத்தில் குப்பை சேர்க்கும் அறையில். நாற்றம் மேலே வரக் கூடாது என்று சூபர்வைசர் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்தது ஒரே ஒரு மாஸ்க்.

“அவனுக்கு மஞ்சள் டப்பா மிஸ்ஸு. எனக்குப் பச்ச. நீங்க சொன்னீங்களே... அதான் மாஸ்க்க அவன் கிட்ட குடுத்துட்டேன். சின்னப் புள்ள, பாவம்.”

எனக்குக் காதுக்குள் அந்தக் கைதட்டல்தான் கேட்டது.

ஜன்னலே இல்லாத அறையில் அரை மணி நேரம். பச்சை எரிகிறது என்று நம்பிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். நெஞ்சு எரிந்தபோதுகூட, பச்சைதானே என்று நினைத்தாராம். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் இன்னா தப்பு பண்ணேன்னு எனக்கே தெரில மிஸ்ஸு. உங்க பேரக் கெடுத்துட்டனா?” என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அக்கா வேலை பார்த்த கம்பெனி ஒரு அறிக்கை எழுதி எங்களுக்கும் அனுப்பியது. “முறையாகப் பயிற்சி பெற்றும் பாதுகாப்பு விதியைப் பணியாளர் மீறினார்.” ஆதாரமாகச் சான்றிதழின் நகல். கீழே, நான் அத்தனை ஆசையாகப் பழகிய கையெழுத்து. அவரைக் காப்பாற்ற வேண்டிய காகிதம், அவர்மேல் பழி போடத்தான் உதவியது.

நான்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். “ஏம்மா, நீ வகுப்புல என்ன சொன்னேன்னு யாரு ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கா? புத்தகத்துல சரியாத்தானே இருக்கு? சும்மா இரு” என்றார். நாலு நாள் சும்மாதான் இருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. தினமும் பஸ் பெருங்களத்தூர் சிக்னலில் நிற்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

ஐந்தாம் நாள் ஒரு கடிதம் எழுதி அந்தக் கம்பெனிக்கும் எங்கள் மேனேஜருக்கும் கொடுத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. அவர் விதியை மீறவில்லை, நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தார், சொல்லிக்கொடுத்தது தவறு என்று மூன்று வரி.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சரியாகவில்லை. அறிக்கையில் பணியாளர் விதியை மீறினார் என்ற வாக்கியத்தை மட்டும் நீக்கினார்கள். கதவைச் சாத்தச் சொன்னவரைப் பற்றியோ, ஒரே ஒரு மாஸ்க் இருந்ததைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. என்னை ஆறு மாதம் வகுப்பெடுக்க விடாமல் உட்கார வைத்தார்கள். அக்காவுக்கு நுரையீரல் பழையபடி ஆகவில்லை. மாடிப்படி ஏற முடியாது, பினாயில் வாசம் கூட ஆகாது. கூட்டிப் பெருக்கும் வேலையும் போயிற்று.

அவர் வீட்டுக்குப் போய், அந்தக் கடிதத்தை நானே படித்துக் காட்டினேன். தப்பு என்னுடையது என்று இந்த முறை வாய்விட்டுச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்போ நான் ஃபெயிலு இல்லியா மிஸ்ஸு?”

“இல்லக்கா. நீங்க பாஸுதான்.”

இப்போது மறுபடியும் வகுப்பெடுக்கிறேன். புரிஞ்சுதா என்று கேட்பதில்லை. பச்சை டப்பாவை ஒருவர் கையில் கொடுத்து, தண்ணீரை மருந்தாக வைத்து அடித்துக் காட்டச் சொல்கிறேன். முதலில் மாஸ்க்கை எடுத்து மாட்டாதவருக்கு அன்றைக்குச் சான்றிதழ் கிடையாது. வகுப்பு ரொம்ப நீளுகிறது, பிரியாணி ஆறிப்போகிறது, யாரும் கை தட்டுவதில்லை. அக்கா வீட்டுச் சுவரில் அந்தச் சான்றிதழ் கண்ணாடி போட்டு இன்னும் மாட்டியிருக்கிறது. அதன் கீழே உள்ள என் கையெழுத்தை நினைக்கும்போதெல்லாம், அன்றைக்குத் தேர்வு எனக்குத்தான் நடந்தது என்றும், அதில் நான் பாஸாகவில்லை என்றும் தோன்றுகிறது.