பதிவேட்டின் முதலாம் இலக்கம்

மாமா கனடாவுக்குப் போகும்போது என்னிடம் விட்டுச்சென்ற பொருட்களில் கணக்கு எழுதும் தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று இருக்கிறது. அட்டையில் 'கண் பரிசோதனை முகாம் – பதிவேடு' என்று எழுதியிருக்கிறது. புத்தளத்துக்கு அப்பால் ஒரு மீன்பிடிக் கிராமத்தில், மாமாவும் நண்பர்களும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்த முகாம் அது. பெயர், வயது, கிழமை, பார்வை என்று நான்கு நிரல்கள். முதலாம் இலக்கத்தில் என் பெயர். நான் அந்தக் கிராமத்தவள் அல்ல. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து உதவி செய்யப் போனவள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றி எழுதப் பழகாவிட்டால் அடுத்த தவணை சி பிரிவுக்கு மாற்றப்படுவேன் என்று வகுப்பாசிரியை எழுதி அனுப்பியிருந்தார். சி பிரிவுக்குப் போனவர்கள் எவரும் திரும்பி வந்ததை நாங்கள் கண்டதில்லை. அப்பா அதைச் சோம்பல் என்று தீர்மானித்து, மாலை விளையாட்டை நிறுத்தினார். நானும் என்னைச் சோம்பேறி என்றே நம்பினேன். கண்ணைக் காட்டிப் பார்ப்போமா என்று அம்மா ஒருமுறை கேட்டார். பெண்பிள்ளையின் முகத்தில் இந்த வயதிலேயே கண்ணாடியா என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

மாமா அம்மாவின் தம்பி; காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. கிராமத்துப் பிள்ளைகள் பயப்படுவார்கள், செய்துகாட்ட ஒரு பிள்ளை வேண்டும் என்று சொல்லி என்னைக் கேட்டார். தொண்டு என்பதால் அப்பா மறுக்கவில்லை. சனிக்கிழமை விடியற்காலை, பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு பெட்டி பென்சிலோடு வாடகை வானில் ஏறினேன். வான் தெருமுனையில் திரும்பும்வரை அம்மா கேற்றடியில் நின்றார்.

முகாம் நடந்த பாடசாலை ஒரு தகரக் கூரை மண்டபம். பிள்ளைகளை நான்தான் வரிசைப்படுத்தினேன். விலகி நின்றவர்களை அதட்டவும் செய்தேன். சுவரில் ஒரு அட்டை. அதில் மூன்று கால் கொண்ட ஒரே உருவம் பல அளவுகளில் இருந்தது. கால்கள் எந்தப் பக்கம் என்று விரல்களால் காட்ட வேண்டும்.

செய்துகாட்ட முதலில் நின்ற நான், முதலாவதைச் சரியாகக் காட்டினேன். அதற்குக் கீழே எறும்புகள் ஊர்ந்ததுபோல ஏதோ தெரிந்தது. குத்துமதிப்பாக மேலே காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இடப்பக்கம் காட்டினேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கொழும்புப் பிள்ளை பகிடி விடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் எளிதாக இருந்தது. வரிசையின் முன்னால் நின்ற நீலப் பாவாடைக்காரி மட்டும் சிரிப்பை நிறுத்தினாள்.

"சேர், அவ விளையாடல்ல. அவவுக்குத் தெரியல்ல."

மாமா ஆச்சரியப்படவில்லை. கனமான ஒரு சட்டத்தை என் மூக்கில் வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு வில்லையில் கூரையின் ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. யன்னலுக்கு வெளியே தென்னோலை தனித்தனிக் கீற்றாகப் பிரிந்தது. ஆனால் எனக்கு முதலில் தோன்றியது ஓலையின் அழகல்ல. நான் சோம்பேறி இல்லை என்பதுதான். மண்டபத்து வாங்கில் உட்கார்ந்து அழுதேன். நீலப் பாவாடைக்காரி பென்சில் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வரிசையை அதட்டும் வேலையையும் எடுத்துக்கொண்டாள். இரண்டாம் இலக்கம் அவளுடையது. எதிரே 'குறை இல்லை' என்றிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மாமா கொப்பியை அப்பாவின் முன் விரித்தார்.

"அத்தான், பேர் பதிஞ்சாச்சு. இனி வெட்டேலாது."

அப்பா ஒரு திணைக்களத்தில் தலைமை எழுதுவினைஞர். மனிதரோடு வாதாடுவார், பதிவேட்டோடு வாதாடமாட்டார். நெடுநேரம் அந்த வரியையே பார்த்தார். "பதிஞ்சா என்ன செய்யிறது," என்றார். சட்டம் மட்டும் மெல்லியதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த தவணையும் நான் ஏ பிரிவிலேயே இருந்தேன்.

அண்மையில்தான் கொப்பியை நிதானமாகப் பார்த்தேன். எல்லாப் பெயர்களுக்கும் எதிரே சனி என்றிருக்கிறது. என் பெயருக்கு எதிரே மட்டும் முந்திய நாளான வெள்ளி. பார்வை அளவு மற்றவர்களுடையதைப் போலப் பென்சிலில், மாமாவின் கையெழுத்தில். என் பெயரும் வயதும் கிழமையும் மட்டும் நீல மையில், உருண்டையான எழுத்தில். எங்கள் வீட்டுப் பலசரக்குப் பட்டியல்கள் அந்த எழுத்தில்தான் இருந்தன.

தொலைபேசியில் கேட்டால் மாமா அங்கே பனி கொட்டுவதைப் பற்றிக் கதைக்கிறார். அம்மா நினைவில்லை என்கிறார், சிரித்துக்கொண்டே. அந்த வரியை எழுதியது அம்மாதான் என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.