பொட்டு வைத்த துப்பாக்கி

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் மண்வெட்டி, பாராங்கத்தி, அப்பாவின் பட்டறைச் சாமான்களோடு ஒரு துப்பாக்கியும் பொட்டு வைத்துக்கொள்ளும். எங்கள் ஊரான சிம்பாங் ரெங்கத்தில் இந்தப் பெருமை எங்களுக்கு மட்டும்தான் என்று பள்ளியில் பீற்றிக்கொள்வேன். எங்களோடு தங்கியிருந்த தாய்மாமாவின் பழைய ரைபிள் அது. செம்பனைக் கன்றுகளைத் தோண்டும் காட்டுப்பன்றிக்காக வைத்திருந்தார். லைசென்ஸ் அவர் பெயரில், பழுது பார்ப்பது மட்டும் அப்பா.

எனக்கு ஒன்பது வயதான வருடம், விசை கல்லாக இறுகிக் கிடக்கிறது என்று மாமா குறைபட்டுக்கொண்டார். பூஜையன்று அவர் வேலைக்குப் போனபின் அப்பா அதை எடுத்தார். உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பார்த்தார். பிறகு விசையின் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினார். இனி வெறும் துப்பாக்கியின் அடிக்கட்டையைப் பழைய டயரில் பலமுறை இடிக்க வேண்டும், இடியிலேயே விசை விடுபட்டால் தளர்த்தியது அதிகம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு டயரை எடுக்கப் பின்பக்கம் போனார்.

எனக்குச் சுண்டல் அவசரம். அவர் திரும்புவதற்குள் துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன்.

“பொட்டு வச்சாச்சுங்க. சாமிக்கு வச்சத இன்னிக்குத் தொடக்கூடாது. காலையில பாத்துக்கலாம்” என்றார் அம்மா. சாமி விஷயத்தில் எங்கள் வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். அப்பா துப்பாக்கியை ஒருமுறை பார்த்துவிட்டு, டயரை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் தோட்டத்தில் பன்றி நிற்பதாகப் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். இரவு நேரங்கழித்து வந்து படுத்த மாமா, துப்பாக்கி தயாராகிவிட்டது என்று நம்பித் தோட்டா போட்டுக்கொண்டு ஓடினார். வேலியோர லோங்காங்கை, அந்தச் சாக்கடைக் கால்வாயைத் தாண்டும்போது கால் சறுக்கி, அடிக்கட்டை சிமெண்டில் மோதியது. குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இழவு வீட்டில் அம்மா தன் தம்பியின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மாவின் அக்காவான பெரியம்மா எல்லோர் முன்னாலும் அப்பாவிடம், “இடிச்சுப் பாக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி?” என்று கேட்டார்.

“தெரியும் அண்ணி. மறந்துட்டேன்.”

போலீஸிடமும் அதையேதான் சொன்னார். பெரியம்மா வீட்டார் அதன்பிறகு எங்கள் படி ஏறவில்லை.

அப்பா மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அங்கேயே சொல்ல வாயெடுத்தேன், அவர் என் கையை வலிக்கும்படி அழுத்தினார். பொய் சொன்னால் என்னை அடிக்கிறவர் இத்தனை பேர் முன்னால் பொய் சொல்கிறாரே என்று எனக்கு ஒரே ஆத்திரம். அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அன்று முழுக்க நான் அப்பாவோடு பேசவில்லை.