மூன்றாம் பக்கத்திலிருந்து

போனை வைத்துவிடுவாரே என்ற பயத்தில்தான் நான் கதை எழுத ஆரம்பித்தேன். என் கணவர், என் மச்சான், குவைத்தில் லாரி ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, கட்டிலில் சாய்ந்துகொண்டு கூப்பிடுவார். மேலப்பாளையத்தில் நான் அஸர் தொழுதுவிட்டு மாடிப்படியில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். பிள்ளை இல்லாத வீட்டில் புதினமாகச் சொல்ல என்ன இருக்கும்? அவருடைய உம்மாவுக்கு முட்டுவலி, குழாயில் தண்ணீர் வரவில்லை. சொல்லி முடித்ததும், "வேறென்ன?" என்பார். அடுத்தது போனை வைப்பதுதான்.

ஒரு வெள்ளி, தெருவில் நடக்காத சண்டையொன்றை நடந்ததாகச் சொன்னேன். மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரத்துக்கு எழுதியே வைத்துக்கொண்டேன்.

ஆனால் இரண்டு பக்கம் தாண்டமாட்டார், குறட்டை வந்துவிடும். முதலில் கோபம் வந்தது. இருந்தாலும் போனை வைக்க மனமில்லை. தூங்கினாலும் அவர் மூச்சுதானே? வாசித்துக்கொண்டே இருந்தேன். போகப்போக, முழித்திருப்பவரிடம் சொல்ல முடியாததையெல்லாம் மூன்றாம் பக்கத்திலிருந்து எழுதினேன். கல்யாண வீட்டில் எல்லோரும் ஜோடியாகப் போட்டோவுக்கு நிற்கும்போது, பந்தியில் தண்ணீர் ஊற்றப்போகிற ஒருத்தி. ஆள் வரப்போவதுபோல, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொள்கிற ஒருத்தி. ஆற்றுப்பாலம் வருவதற்குள் யாராவது பையை எடுக்கச் சொல்லிவிடுவார்கள்.

பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல்தான். கடைசியில் ஓர் ஆசிரியர் போன் செய்தார். "முதல் ரெண்டு பக்கத்தைத் தூக்கிடுங்கம்மா. கதை மூணாவது பக்கத்துலதான் ஆரம்பிக்குது. போட்டுறலாம்."

மச்சான் சிரித்ததெல்லாம் போயிற்று. அவர் கேட்காதது மட்டும் அச்சில் வந்தது.

ஜங்ஷனுக்குப் போய்ப் பத்திரிகையை வாங்கி, கடை வாசலிலேயே நின்று வாசித்தேன். பக்கத்தில் நின்றவரிடம் காட்டலாமா என்றுகூட இருந்தது. வீட்டில் மச்சானின் உம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாருக்கு" என்று கொடுத்துவிட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அன்றைக்குப் போலத் தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

அந்த வெள்ளி மச்சான் சீக்கிரமே கூப்பிட்டார்.

"அச்சுல வந்துட்டுல்லா? வாசி புள்ள. ரூம்ல உள்ளவங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டேன்."

"சாப்பிட்டுட்டு வாங்க மச்சான்."

"சாப்பிட்டா தூக்கம் வந்துரும். வாசி."

வாசித்தேன். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, இவர் தூங்கிவிடக்கூடாதா என்று ஏங்கினேன். 'அவன் நடந்து வந்தால் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று' என்ற வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கமும் சத்தமில்லை.

"தூங்கிட்டீங்களா மச்சான்?"

"இல்ல." பிறகு கேட்டார்: "முந்தி வாசிச்சதுலயும், நான் தூங்குன பொறவு இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா."

"எல்லாத்தையும் வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"சரி. அடுத்த வெள்ளியும் சாப்பிடாமத்தான் கூப்பிடுதேன்."